பின்னால் பிங்க் தண்ணீர் வந்தால் போதுமா? மோட்டார் படகைக் குளிர்காலத்துக்கு மூட்டை கட்டுவது பற்றி

மின்னசோட்டாவில் அக்டோபர் வந்துவிட்டால் வீட்டு வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். டிரெய்லரில் ஏற்றிய படகு, திறந்து கிடக்கும் என்ஜின் மூடி, பக்கத்தில் இளஞ்சிவப்புத் திரவம் நிரம்பிய நாலைந்து பிளாஸ்டிக் கேன்கள், கீழே ஒரு வாளி. இந்த வேலைக்கு இங்கே 'வின்டரைசிங்' என்று பெயர். தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை. நமக்குத் தேவைப்பட்டதும் இல்லை. மாதக்கணக்கில் ஏரி உறைந்து கிடக்கும் ஊர்க்காரர்களின் கவலை இது. படகை மூட்டை கட்டி வைப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பார்க்க ஆயில் மாற்றுகிற மாதிரி ஒரு சாதாரண பராமரிப்பு வேலை போலத்தான் இருக்கும். ஆனால் ஆயில் மாற்றாமல் விட்டால் என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இதைத் தவறாகச் செய்தால் ஒரே இரவில் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். இன்னும் மோசமான விஷயம், எல்லாம் சரியாகச் செய்த மாதிரியே தெரியும், அப்படியும் பிளந்துவிடும். அந்த 'சரியாகச் செய்த மாதிரியே தெரிவது' எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முதலில் எந்த மாதிரி படகு என்று சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் வெளியே தொங்கும் மோட்டார் உள்ள படகை எல்லோரும் பார்த்திருப்போம், அது அவுட்போர்டு. அதில் என்ஜின் செங்குத்தாக நிற்பதால், தண்ணீரிலிருந்து தூக்கி நேராக நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே கீழே வடிந்துவிடும். இன்போர்டு அப்படி இல்லை. என்ஜின் படகின் வயிற்றுக்குள், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு படகின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு போய் புரொபெல்லரைச் சுற்றும். வாட்டர் ஸ்கீயிங், வேக்போர்டிங் செய்பவர்கள் இந்த வகையைத்தான் விரும்புவார்கள். (வாட்டர் ஸ்கீயிங் பிறந்ததும் இங்கேதான். 1922-ல் மின்னசோட்டாவின் லேக் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு முதலில் சறுக்கினார். லேக் சிட்டி என்கிற அந்த ஊர் அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.)

இந்தப் படகுகளில் பலவற்றின் உள்ளே இருப்பது, லாரிக்கும் பிக்கப் டிரக்குக்கும் பயன்பட்ட அதே செவ்ரோலெட் 'ஸ்மால் பிளாக்' 5.7 லிட்டர் வி-8 என்ஜின்தான். மெர்க்ரூசர், இன்ட்மார், பிசிஎம் மாதிரி நிறுவனங்கள் அதை வாங்கிப் படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றி விற்றன. அந்த மாற்றங்களில் முக்கியமானது குளிரூட்டும் முறை. காரில் ரேடியேட்டர் இருக்கிறது, அதில் வருடம் முழுக்க ஒரே கூலன்ட் சுற்றிக்கொண்டிருக்கும். படகைச் சுற்றி ஏரி முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு? அடியில் ஒரு துளை போட்டு ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் வழியாக, ரப்பர் இம்பெல்லர் உள்ள பம்ப் வழியாக, தெர்மோஸ்டாட் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பிளாக், ஹெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எல்லாவற்றையும் நனைத்து, கடைசியில் புகையோடு சேர்த்துப் பின்னால் துப்பிவிடுவார்கள். மலிவு, எளிமை. கோடையில் ஒரு குறையும் இல்லை.

என்ஜினை நிறுத்தியதும் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. பிளாக்குக்குள் அப்படியே நிற்கும். மினியாபொலிஸில் ஜனவரி மாதச் சராசரி இரவு வெப்பநிலை மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். மைனஸ் 25-ஐத் தாண்டுகிற இரவுகளும் உண்டு.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்திருப்போம். பத்து லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 10.9 லிட்டர் ஐஸ் ஆகும். ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடி பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணாடி உடைவது வேறு, வார்ப்பிரும்பு உடைவது வேறு இல்லையா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கணக்கு போட்டுப் பார்த்தால் இரும்புக்கு வாய்ப்பே இல்லை. தண்ணீரை விரிய விடாமல் இறுக்கிப் பிடித்தால் அதன் உறைநிலை கீழே இறங்கும். ஆனால் ஒரு டிகிரி இறக்கவே 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தேவை. மைனஸ் 10 டிகிரியில் தண்ணீரைத் தண்ணீராகவே வைத்திருக்க ஏறத்தாழ 1,100 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பசிபிக் கடலில் மரியானா அகழியின் அடியில் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். என்ஜின் பிளாக்கின் நீர்ச் சுவரைச் செய்தவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துச் செய்யவில்லை. ஓடும் என்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இதை முதன்முதலில் ஆர்ப்பாட்டமாகச் சோதித்தவர்களில் ஒருவர் மேஜர் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி. 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக்கில், வெற்று இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, வாயில் இரும்பு அடைப்பானை அடித்து இறுக்கி, வெளியே குளிரில் வைத்தார். ஒரு குண்டின் அடைப்பான் 400 அடிக்கு மேல் பறந்தது, துளை வழியே ஐஸ் தூண் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அடைப்பான் அசையாத குண்டுகள் பிளந்தன. படகு என்ஜினில் நடப்பது இரண்டாவது வகை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் உறைந்தால் பாத்திரம் உடைய வேண்டிய அவசியமில்லை, ஐஸ் மேல்நோக்கி வளர இடம் இருக்கிறது. பிளாக்கும் முழுக்க மூடிய பெட்டி அல்ல, ஹோஸ்கள் இருக்கின்றன, வழிகள் இருக்கின்றன. பிறகு ஏன் உடைகிறது? குறுகலான இடங்களில் தண்ணீர் குறைவு, சுற்றிலும் உலோகம் அதிகம், அதனால் அவைதான் முதலில் உறையும். அவை உறைந்ததும் கார்க் போட்ட மாதிரி வழி அடைபட்டுவிடும். அதற்குப் பின்னால் இன்னும் உறையாமல் இருக்கும் தண்ணீர்தான் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் வளர வளர அந்தத் தண்ணீரில் அழுத்தம் ஏறும். வீட்டுக் குழாய்களிலும் இதே கதைதான், ஐஸ் உட்கார்ந்த இடம் ஒன்றாக இருக்கும், குழாய் வெடிக்கும் இடம் வேறொன்றாக இருக்கும்.

இன்னொன்று, 'ஃப்ரீஸ் பிளக்' பற்றி. பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகத் தகடுகள் அடித்திருப்பார்கள். உறைந்தால் இவை முதலில் கழன்று விழுந்து பிளாக்கைக் காப்பாற்றும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். இல்லை. வார்க்கும்போது உள்ளே இருந்த மணல் அச்சை வெளியே எடுக்கப் போட்ட துளைகள் அவை, பிறகு தகட்டால் மூடிவிடுகிறார்கள். சில சமயம் ஐஸ் அவற்றைத் தள்ளும்தான். தகடும் தள்ளப்பட்டு பிளாக்கும் பிளந்த என்ஜின்கள் ஏராளம். பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

நான் இதற்குள் இறங்கியதே என் கல்லூரி நண்பன் ஒருவனால்தான். இங்கேயே வேலை பார்க்கிறான், பழைய ஸ்கீ படகு ஒன்று வாங்கியிருந்தான். அக்டோபர் கடைசியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து மூட்டை கட்டச் சொன்னான். பில்லில் எல்லாம் இருந்தது: ஆயில் மாற்றியது, ஐந்து கேலன் ஆன்ட்டிஃப்ரீஸ் ஏற்றியது. மே மாதம் என்ஜினைத் திறந்து ஆயில் குச்சியை உருவினால் ஃபில்டர் காபி நிறத்தில் ஆயில். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, வால்வு லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில், பிளாக்கின் நடு மையத்தில், ஒரு ஜாண் நீளத்துக்கு வெடிப்பு. என்ஜினையே மாற்ற வேண்டியதாயிற்று, ஏழாயிரம் டாலருக்கு மேல். இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது. பல பாலிசிகளில் உறைந்து உடைவதற்குத் தனியாகச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.

"பின்னாடி பிங்க்கா கொட்டினதை நானே நின்னு பார்த்தேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கடைக்காரரும் அதையே சொன்னார். நாங்கள் ஏற்றினோம், நீங்களும் பார்த்தீர்கள் என்று. இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது: டெஸ்ட் பச்சை காட்டுகிறது, புரொடக்ஷனில் சிஸ்டம் படுத்துவிடுகிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த டெஸ்ட் உண்மையில் எந்தப் பாதையைத் தொட்டது?

ஆன்ட்டிஃப்ரீஸ் ஏற்றும் எளிய முறை இது. படகின் அடித்துளையிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி பிங்க் திரவம் உள்ள வாளியில் போட்டு, என்ஜினை ஓட்டினால் பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் வாளி காலி. பின்னால் எக்ஸாஸ்ட் வழியாகப் பிங்க் கொட்டும். வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள்.

நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பல படகுகளில் அவர் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கதவைத் திறப்பார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியே இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீரை இன்னொரு பம்ப் பிளாக்குக்குள்ளேயே சுற்றவிடும், என்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக. புதிதாக வருகிற தண்ணீருக்கு பிளாக்கில் வேலை இல்லை. அது தெர்மோஸ்டாட் வீட்டிலிருந்து நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போய் வெளியேறிவிடும். ஆக, குளிர்ந்த என்ஜினில் பிங்க் ஏற்றினால், அது பிளாக்கைப் பைபாஸ் செய்துவிட்டு அழகாகப் பின்னால் வந்து கொட்டும். பிளாக் முழுக்க ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். நண்பன் பார்த்தது உண்மையான பிங்க்தான். அது வந்த வழி வேறு. கடையில் படகைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்த உடனேயே வாளியில் ஹோஸைப் போட்டார்கள் என்பது விசாரித்த பிறகு தெரிந்தது.

சரி, முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு ஏற்றினால்? இது பரவாயில்லை, அனுபவசாலிகள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இதிலும் இரண்டு ஓட்டைகள். குளிர்ந்த ஆன்ட்டிஃப்ரீஸ் உள்ளே போகப் போக என்ஜின் ஆறும், தெர்மோஸ்டாட் பாதியில் மறுபடி மூடிக்கொள்ளலாம். இரண்டாவது, கலப்பு. உள்ளே இருக்கும் தண்ணீர் வரிசையாக வெளியேறி பிங்க்குக்கு இடம் விடாது, இரண்டும் கலக்கும். முழுக்கக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போட்டேன். பிளாக் எவ்வளவு கொள்ளுமோ அதே அளவு பிங்க்கை ஒருமுறை ஏற்றினால், கடைசியில் உள்ளே இருப்பதில் 37 சதவீதம் பழைய ஏரித் தண்ணீர்தான். இரண்டு மடங்கு ஏற்றினால் 14 சதவீதம். மூன்று மடங்கு ஏற்றினால்தான் 5 சதவீதத்துக்கு வரும். நிஜத்தில் முழுக் கலப்பும் இருக்காது, சில மூலைகளில் இதைவிட மோசமாகத் தண்ணீர் தேங்கும்.

அந்த 37 சதவீதம் ஏன் முக்கியம் என்பதற்கு கேனின் லேபிளைப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 'மைனஸ் 50' என்று போட்டிருக்கும். இது ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 46 சொச்சம். மினியாபொலிஸுக்கு இது தாராளம் என்று தோன்றும். சின்ன எழுத்தைப் படித்தால் அது 'வெடிப்புப் பாதுகாப்பு' என்று இருக்கும், உறைநிலை அல்ல. திரவம் உறையத் தொடங்குவது மைனஸ் 10 முதல் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே. இடையில் என்ன நடக்கிறது?

குச்சி ஐஸ் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். உறிஞ்ச உறிஞ்ச கலரும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும், கடைசியில் குச்சியில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். ஐஸ் படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு சர்க்கரையை வெளியே தள்ளிவிடுவதால் பாகு படிகங்களுக்கு நடுவே திரவமாகவே நிற்கிறது, நாம் உறிஞ்சுவது அதைத்தான். பிங்க் திரவத்தில் சர்க்கரைக்குப் பதில் புரொபிலீன் கிளைக்கால். கொஞ்சம் தண்ணீர் படிகமாகும்போது மீதித் திரவம் இன்னும் செறிவாகும், அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். ஆக மொத்தமும் கூழ் மாதிரி ஆகும், கல்லாகாது. கூழ் நகரும். விரிவதற்கு இடம் தேடி ஹோஸுக்குள் ஏறிக்கொள்ளும். அதனால்தான் வெடிப்பதில்லை.

ஆனால் இதெல்லாம் கலப்படம் இல்லாத கேனுக்குத்தான். இந்த மைனஸ் 50 வகையில் கிளைக்காலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மீதி தண்ணீர். அதில் ஏரித் தண்ணீர் 37 சதவீதம் சேர்ந்தால் கிளைக்கால் 20 சதவீதம் வாக்கில் வந்து நிற்கும். அப்போது மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். வெடிப்புப் பாதுகாப்பும் மைனஸ் 10, 12-க்கு அப்பால் நம்பத்தக்கதல்ல. இங்கே டிசம்பரிலேயே அதைத் தாண்டிவிடும். நிறம் என்னவோ நல்ல பிங்க்காகவேதான் தெரியும். சாயம் எவ்வளவு நீர்த்தாலும் கண்ணுக்குப் பிங்க் பிங்க்தான்.

எனவே என் கட்சி: முதலில் முழுக்க வடி, பிறகு நிரப்பு. வடிப்பதுதான் வேலை, பிங்க் வெறும் காவல்.

வடிப்பதிலும் இதே பொறி காத்திருக்கிறது. வி-8 என்றால் இரண்டு வரிசை சிலிண்டர்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே தனித்தனி டிரெய்ன் பிளக். ஒன்றைத் திறந்தால் மற்றது வடியாது. சில என்ஜின்களில் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் நாக் சென்சார் இருக்கும், புதியவர்கள் அதை டிரெய்ன் என்றே நினைக்க மாட்டார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இரண்டு பிளக். டிரான்ஸ்மிஷன் கூலர், பம்ப், சுழற்சி பம்புக்குக் கீழே வளைந்து கிடக்கும் பெரிய ஹோஸ் எல்லாம் தனி. இதில் பிளக்கைத் திறந்தும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. உள்ளே தண்ணீர் இல்லை, அல்லது துளை அடைபட்டிருக்கிறது. ஏரி மணலும் துருச் செதிலும் பிளாக்கின் அடியில்தான் படியும், அதாவது சரியாக டிரெய்ன் துளைக்கு முன்னால். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். நண்பனின் புது என்ஜினிலேயே இரண்டாவது வருடம் இடது பக்கம் ஒன்றும் வரவில்லை, கம்பியை விட்டு நாலு குத்து குத்தியதும் பழுப்பாக ஒரு வாளி கொட்டியது. எத்தனை வந்தது என்று அளப்பது இன்னும் நல்லது. வலது பக்கம் ஐந்து லிட்டர் வந்து இடது பக்கம் ஒன்றரை வந்தால் ஏதோ மிச்சம் இருக்கிறது.

மெர்க்ரூசரின் சில மாடல்களில் சின்னக் கைப்பம்பால் காற்றடித்தால் எல்லா டிரெய்னும் ஒரே நேரத்தில் திறக்கும் வசதி இருக்கிறது. திறந்துவிட்டது என்று காட்டப் பச்சைக் குறி எழும்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பச்சைக் குறி சொல்வது வால்வு திறந்தது என்று மட்டுமே, தண்ணீர் வந்தது என்று அல்ல. கீழே குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும், படகு சமமாக நிற்கிறதா என்பதையும் சேர்த்து.

பாதையிலேயே இல்லாத தண்ணீர் ஒன்று இருக்கிறது. கேபின் ஹீட்டர், ஷவர், வேக்போர்டு படகில் அலை பெரிதாக எழுவதற்காக நிரப்பும் பாலாஸ்ட் தொட்டிகள், அவற்றின் பம்புகள். இவை எல்லாம் கிளைத் தெருக்கள். மெயின் ரோட்டில் எவ்வளவு பிங்க் ஓடினாலும் இங்கே எட்டிப் பார்க்காது. ஹீட்டர் என்ஜினுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பதால் தானாக வடியவும் வடியாது. இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றில் ஊத வேண்டும். வாயால் ஊதினாலே போதும், எதிர்ப்பக்கம் தண்ணீர் பீச்சியடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வடிந்தபின் பிளக்குகளை மூடி, தெர்மோஸ்டாட் வீட்டுக்கு வரும் பெரிய ஹோஸ்களைக் கழற்றி, புனலை வைத்து மேலிருந்து நேராக பிளாக்குக்குள்ளும் மேனிஃபோல்டுகளுக்குள்ளும் பிங்க்கை ஊற்றுவோம். என்ஜினை ஓட்ட வேண்டியதே இல்லை, தெர்மோஸ்டாட்டின் தயவும் வேண்டாம். ஐந்தாறு கேலன் பிடிக்கும். பிறகு ஒரு பக்க பிளக்கைத் தளர்த்தி ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்போம். முப்பது டாலருக்குள் கிடைக்கும் சின்னக் கருவி, ஒரு சொட்டை வைத்துக் கண்ணருகே பிடித்தால் எந்த வெப்பநிலையில் உறையும் என்று கோடு காட்டும். கேனில் இருந்த திரவம் காட்டிய அதே கோட்டை பிளாக்கிலிருந்து வந்த சொட்டும் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வெறுமனே வடித்துவிட்டு பிங்க் இல்லாமலே விடுபவர்களும் உண்டு. காற்றில் விரிய ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம், அது சரியான வாதம்தான். மூலையில் தேங்கிய அரைக் கோப்பையை நினைத்து நான் ஊற்றும் பக்கம். ஆனால் ஒன்று, காருக்கு ஊற்றும் பச்சை எத்திலீன் கிளைக்கால் இங்கே வேண்டவே வேண்டாம். அது இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், வசந்த காலத்தில் அத்தனையும் ஏரிக்குத்தான் போகும். பிங்க்கையும் வாளியில் பிடிப்பதே மரியாதை.

எப்போது செய்ய வேண்டும் என்பதிலும் ஒரு விசித்திரம். படகு ஏரியில் மிதக்கும்வரை ஆபத்து குறைவு. அக்டோபர் ஏரி இன்னும் எட்டுப் பத்து டிகிரியில் இருக்கும், அது படகின் வயிற்றை அடியிலிருந்து சூடாக வைத்திருக்கும். கரையேற்றி டிரெய்லரில் வைத்த அன்றைக்கு ராத்திரி நாலு பக்கமும் குளிர்காற்று. 'தண்ணியிலிருந்து எடுத்தாச்சு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று விட்ட அந்த ஒரு வாரத்தில்தான் பல என்ஜின்கள் போகின்றன. பெரிய பிளாக் ஓரிரவு தாங்கினாலும், சின்னப் பம்பும் கூலரும் தாங்காது. டெக்சாஸ், ஜார்ஜியா மாதிரி வெப்ப மாநிலங்களிலும் இப்படி உடைவது சகஜம், வருடத்தில் இரண்டே இரவு உறையும் ஊரில் யாருக்கும் இந்தப் பழக்கம் இருக்காது.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றில் மர்மம் ஒன்றும் இல்லை. கரையில் என்ஜினை ஓட்டித் தண்ணீர் கொடுக்க, அடித்துளையில் கோப்பை மாதிரி அழுத்தி வைத்துத் தோட்டக் குழாயை மாட்டும் சாமான் ஒன்று விற்கிறது, பெயர் 'ஃபேக் எ லேக்', அதாவது பொய் ஏரி. எனக்கு மிகவும் பிடித்த பெயர். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். கராஜ் கதவை மூடிக்கொண்டு ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், ஸ்டெபிலைசர் ஊற்றி அது கார்புரேட்டர்வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதனால் ஆயிலை வசந்தத்தில் அல்ல, இப்போதே மாற்ற வேண்டும். சிலிண்டருக்குள் ஃபாகிங் ஆயில் அடிப்பது பழைய என்ஜினுக்கு நல்லது, புதிய என்ஜின் என்றால் தயாரிப்பாளர் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்.

பேட்டரியில் மறுபடியும் நம்ம குச்சி ஐஸ் கதைதான். முழு சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரியில் அமிலம் செறிவாக இருக்கும், மைனஸ் 50-க்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கினால் அதே திரவம் ஏறக்குறையத் தண்ணீராகிவிடும், மைனஸ் 10 வாக்கில் உறைந்து பெட்டி வெடிக்கும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். எலிக்கு எக்ஸாஸ்ட் வாயில் துணி அடைக்க வேண்டும், அடைத்ததை எழுதி வைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டால் காற்றுத் துளைகள் வேண்டும், இல்லாவிட்டால் மே மாதம் சீட் எல்லாம் பூஞ்சை.

படகின் பின்புற அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், உருகிய பனி உள்ளே தேங்காமல் இருக்க. சீப்ரா மஸ்ஸல் என்ற சின்னச் சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் பரவாமல் இருக்க, மின்னசோட்டாவில் அந்தப் பிளக்கைக் கழற்றாமல் படகை ரோட்டில் இழுத்துப் போவதே சட்டப்படி குற்றம். ஏப்ரல் நடுவில் ஏரி திறந்ததும் அதே பிளக்கைப் போட மறந்து, படகை இறக்கிய இடத்திலேயே மூழ்கடிப்பவர்களும் வருடா வருடம் உண்டு.

நண்பன் படகில் மொத்தம் ஏழு பிளக்: பிளாக்குக்கு இரண்டு, மேனிஃபோல்டுக்கு இரண்டு, கூலருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, படகின் அடிக்கு ஒன்று. பிங்க் ஊற்றும்போது மேனிஃபோல்டு, பிளாக் பிளக்குகள் திரும்பிப் போய்விடும், மீதி மூன்றும் வெளியே. அவற்றை ஒரு ஜிப் பையில் போட்டு, எதை எங்கே போட வேண்டும் என்று ஒரு சீட்டெழுதி வைத்து, பையை என்ஜின் சாவியோடு கட்டிச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுகிறான்.